ஒரே வில்லில் பதினோரு விநாடி

அந்த அனிமேஷன் கம்பெனியில் அவனுக்குப் பெயர் கை. முகம் வரைய ஆள் வேறு, முடி வரைய ஆள் வேறு, மழை மட்டும் வரைய ஒருவர் இருந்தார். இவன் கைகளுக்கு. "கை வந்தாச்சா?", "கையக் கூப்பிடு", "கைக்கு ஒரு டீ சொல்லு" என்றுதான் மூன்று வருடமாகப் பேச்சு. மனைவி இறந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோதும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது வசதியாகத்தான் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் துக்கம் விசாரிக்க வேண்டியிருக்கும். கையிடம் போய் யார் துக்கம் விசாரிப்பார்கள்?

படம் இரண்டு பெண்களைப் பற்றியது. ஒருத்தி உயரம், வயலின். ஒருத்தி குள்ளம், பியானோ. கதையில் இருவருக்கும் அழகான பெயர்கள் உண்டு. கம்பெனியில் நெட்டை, குட்டை. இசைப்பள்ளி ஒன்றில் ஒரே பயிற்சி அறையைத் தவறுதலாக இருவருக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். பதினான்கு வயதில் அந்தச் சண்டையில் ஆரம்பித்து, ஒருத்தி இல்லாமல் ஒருத்தி சாப்பிடமாட்டாள் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொள்கிறார்கள். பதினெட்டில் குட்டை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். நெட்டை தனியாக மேடையேறி வாசிக்கிறாள். படம் முடிகிறது.

நெட்டை வேறு யாருமில்லை, அவன் மனைவிதான். குட்டை, கதையைக் கொடுத்து இசையும் அமைத்த பியானோக்காரி. படம் பதினெட்டு வயதோடு முடிந்துவிடுவதால் கணவனுக்கு அதில் இடமில்லை. விரல்களை வரையலாம்.

வேலை நடக்கும் முறை இது. முதலில் ஒலி, பிறகுதான் படம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே நாளில் எல்லாப் பாட்டுகளையும் பதிவு செய்தார்கள். பியானோவைப் பியானோக்காரி வாசித்தாள், வயலினை அவன் மனைவி. இரண்டு கேமராக்கள் வைத்தார்கள். ஒன்று இடது கை விரல்களைப் பிடித்தது, மற்றது வில் பிடித்த வலது கையை. அந்த வீடியோவைப் பார்த்து விநாடிக்குப் பன்னிரண்டு படமாக இவன் வரைய வேண்டும். எந்த விரல் எப்போது விழுகிறது, வில் எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று கட்டம் போட்ட தாளில் குறித்துக் கொடுத்தவளும் அவளே. சாப்பாட்டு மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பென்சிலால் அம்புக்குறி போடுவாள். "ஒரு வித்துவான் உனக்கு கிளார்க் வேலை பாக்குறா, மரியாதையா காபி போட்டுட்டு வா" என்பாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகியும் அவன் அவள் விரல்களைத்தான் வரைந்துகொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. விரல் விரலாகத்தான் தெரிந்தது. அவன் அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும் கொஞ்ச நாள் காத்திருந்தான். பஸ் வராத நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? நடந்துவிட்டான்.

ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். படம் வெளிவரும்போது அவள் வாசிப்பு அதில் கேட்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒழுங்கான ஒலிப்பதிவு என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் செல்போனில் பிடித்தவை, பாதியில் யாராவது இருமுவார்கள்.

மாமியார் அவனோடுதான் இருந்தார். மகள் படுத்தபோது வந்தவர், பிறகு போகவில்லை. மாடி வீடு, கீழ் வீடு, மருந்துக் கடை, எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தார். "படம் வரட்டும் மாப்ள, தியேட்டர்ல கடைசி வரிசைதான் எனக்கு. முன்னாடி உக்காந்து அழுதா நாலு பேர் பாப்பாங்க."

வியாழக்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். துடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் பியானோக்காரி. அவளோடு அவன் அதிகம் பேசுவதில்லை. மனைவி இறந்து இருபது நாள் கழித்துத்தான் அவள் வெளிநாட்டிலிருந்து வந்தாள். உள்ளே வாருங்கள் என்று கூடச் சொல்லாமல் வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினான்.

"உக்காருப்பா கை. வயலின மாத்தலாம்னு இருக்கோம்."

"மாத்தலாம்னா?"

"வேற ஒரு பொண்ணு வாசிக்குது. கடைசி சீனுக்குத்தான் முக்கியமா. ஆனா ஒரு படத்துல ரெண்டு பேர் வாசிச்சா காதுக்குத் தெரிஞ்சுடும். அதனால மொத்தமும்."

அவன் பியானோக்காரியைப் பார்த்தான். "ஏன்?"

"அந்தக் கடைசிப் பாட்டுல உயிர் இல்ல," என்றாள் அவள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "களைப்பாக் கேக்குது. நாலு நிமிஷம் தனி வயலின். அதுல படமே நிக்குது."

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் தேவைப்படவும் இல்லை. அவன் கையில் துருப்புச் சீட்டு இருந்தது.

"தாராளமா மாத்துங்க," என்றான். "ஆனா ஒவ்வொரு விரலும் அவ வாசிச்சதுக்கு வரைஞ்சது. வேற ஆள் வாசிச்சா ஒண்ணுகூட ஒட்டாது. மறுபடி வரைய ஆறு மாசம் ஆகும். படம் மூணு மாசத்துல வருது."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதத்தான் நானும் சொன்னேன்."

"ஒட்டுதா இல்லையான்னு பாத்துட்டுப் பேசலாமே," என்றாள் பியானோக்காரி. "அந்தப் பொண்ணு நேத்தே திரையப் பாத்துக்கிட்டு வாசிச்சாச்சு."

நேற்றே. அவனிடம் கேட்பதற்கு முன்பே. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். ஒட்டாததை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

ஒலிப்பதிவு அறை மாடியில். ஒலிப்பதிவுக்காரர் வாயாடி மனிதர். கம்பெனிக்குள் நடக்கும் எதுவும் அவர் காதுக்கு எட்டாது, நாள் முழுக்க ஹெட்போன். "யார் வாசிச்சதை முதல்ல போடறது, பழசா புதுசா?" என்றார்.

பழசைப் போட்டார். திரையில் நெட்டையின் கைகள் அசைந்தன. அவள் வாசிப்பு அறையை நிறைத்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கடைசியில் ஒரு நீண்ட சுரம் வரும். பதினோரு விநாடி. வில்லை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். திரையில் வில் அப்படியே நீளமாக, நிதானமாக நகர்ந்தது. ஒலியோ நடுவில் சின்னதாக முறிந்து மறுபடி தொடங்கியது. படத்தில் ஒரு இழுப்பு, காதில் இரண்டு.

"இந்த இடத்துல கொஞ்சம் உதைக்குது பாருங்க," என்றார் ஒலிப்பதிவுக்காரர். "ரொம்ப நாளா நானே கேக்கணும்னு இருந்தேன்."

பிறகு புதுசைப் போட்டார். யாரோ ஒரு பெண். நல்ல வாசிப்பு, குறையே சொல்ல முடியாத வாசிப்பு. விரல் விழுந்த இடத்தில் சுரம் விழுந்தது. கடைசிச் சுரம் வந்தது. திரையில் வில் நகர்ந்தது, ஒலியும் கூடவே நகர்ந்தது. பதினோரு விநாடி. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"அட, இந்தப் பொண்ணுக்குன்னே வரைஞ்ச மாதிரி இருக்கே!" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் குழப்பத்தோடு மூவர் முகத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தி எதையோ சரிசெய்வது போல் பாவனை செய்தார்.

"அப்ப ஒண்ணும் வரைய வேண்டாம்ல?" என்றார் இயக்குநர், பாதி சந்தோஷமாக, பாதி தயக்கமாக.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது குளித்த பிறகு விளையாட்டு. அவன் கீழே இறங்கி வந்து, இரண்டு வருடப் பழைய வீடியோவைத் திறந்தான். வலது கைக்கு வைத்த கேமரா. கடைசிச் சுரம். வில் கிளம்புகிறது. மூன்றாவது விநாடியில் முழங்கை தாழ ஆரம்பிக்கிறது. ஐந்தில் இன்னும் தாழ்கிறது. ஆறாவது விநாடியில் தாங்க முடியாமல் அவள் வில்லைத் திருப்பிவிடுகிறாள். மீதியை எதிர்ப்பக்கமாக இழுத்து முடிக்கிறாள்.

இது அவனுக்குப் புதிதல்ல. பணம் போடுகிறவர்களுக்குக் காட்ட கடைசிக் காட்சியைத்தான் முதலில் வரைந்தார்கள். பதிவு முடிந்து இரண்டாவது வாரம் அவன் இந்த வீடியோவின் முன்தான் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போய் அவளிடமே கேட்டான். "தாள்ல ஒரே அம்புதான போட்டிருக்கே, இதுல நடுவுல திருப்பியிருக்கியே?"

"கை வலிச்சுதுப்பா. பாதிக்கு மேல தாங்கல."

"இன்னொரு தடவ வாசிச்சிருக்கலாம்ல?"

"நாலு தடவ வாசிச்சேன். நாலும் அதேதான்."

"சரி விடு, நான் ஒரே இழுப்பா வரைஞ்சுடறேன்."

"முழங்கையையும் கொஞ்சம் தூக்கி விடு," என்றாள் அவள். "சோத்துக்கு இல்லாதவ மாதிரி இருக்கு."

தூக்கி விட்டான். அந்தக் காட்சியில் மட்டுமல்ல. அடுத்தடுத்த பாட்டுகளிலும் தாழ்ந்த இடத்திலெல்லாம் தூக்கி, திணறிய இடத்திலெல்லாம் நேராக்கி வரைந்தான். அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது. ஆறு மாதம் கழித்து அவளால் சீப்பைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். தோளுக்குள், கைக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி இருந்தது. எப்போதிலிருந்து கையில் பலம் இல்லை என்று டாக்டர் கேட்டார். ஒரு மாதமாகத்தான் என்று அவன் சொன்னான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். அவன் மனதில் இருந்த கை, அவன் வரைந்த கை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் கை விரித்தார்.

அவன் மறுபடி இயக்குநர் அறைக்குப் போனான்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அந்தப் பதினோரு விநாடிய மட்டும் அவ வாசிச்ச மாதிரியே வரைஞ்சு கொண்டு வரேன். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"மூணு நாள்ல எத்தன படம்?"

"நூத்தி முப்பத்திரண்டு."

"சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை, காகிதக் கட்டு, பென்சில். கம்பெனியில் எல்லாம் கணினி வேலை. ஆனால் கைகளை அவன் காகிதத்தில்தான் முதலில் போடுவான். இந்த முறை எதையும் திருத்தவில்லை. முழங்கை எங்கே தாழ்ந்ததோ அங்கே தாழ்த்தினான். மணிக்கட்டு எங்கே நடுங்கியதோ அங்கே கோட்டை நடுங்க விட்டான். இவ்வளவு சுலபமாக எதையும் வரைந்ததில்லை. இருக்கிறதை இருக்கிறபடி போட என்ன கஷ்டம்?

ஞாயிறு மதியம் முடிந்துவிட்டது. அவன் முகம் கழுவப் போன நேரத்தில் மாமியார் மேசையைத் துடைக்க வந்தார். காகிதக் கட்டின் ஓரத்தைப் பிடித்து விரலால் சரசரவென்று விட்டால் படம் ஓடும் என்று மகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"மாப்ள!" குரலில் சந்தோஷம். "இது அப்படியே அவ கைதான். சுண்டு விரலை மடக்கி வெச்சுப்பாளே, அதுகூட அப்படியே!"

அவன் துண்டோடு வந்து நின்றான். அவர் இரண்டாம் முறை ஓட்டினார். மூன்றாம் முறை மெதுவாக, ஒவ்வொரு தாளாக.

"இது ஏன் இப்படித் தொங்குது?"

"அவ அப்படித்தான் வாசிச்சா அத்தை."

"ஆஸ்பத்திரிக்குப் போற சமயத்துலயா?"

"இல்ல. பதிவு பண்ணின அன்னிக்கு."

மாமியார் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். ஒரு கை விரல்கள் போதவில்லை.

"டாக்டர் கேட்டாரு. ஒரு மாசமாத்தான்னு சொன்னீங்க. நான் உங்க பக்கத்துலதான் நின்னேன்."

அவன் துண்டை நாற்காலியில் போட்டான்.

"அப்ப இத நீங்க பாக்கலையா, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்து?"

"சரியா இல்லன்னு திருத்தி வரைஞ்சேன்."

அவர் தாள்களை ஓரம் தட்டி அடுக்கி வைத்தார். மேசையின் மீதிப் பகுதியைத் துடைத்தார். துணியைப் பிழிந்து காயப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவன் குளித்து வரும்போது கூடத்தில் பெரிய பெட்டி நின்றது. "பையன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்," என்றார் மாமியார். இரண்டு நாளைக்குக் கம்பளித் துணி எதற்கு, சுவரில் மாட்டியிருந்த மகள் படம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டான். அவர் ஜன்னல் வழியாக ஏதோ சொல்ல வந்தார். "அடுப்புல பால் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பத்தரை மணிக்கு ஒலிப்பதிவு அறையில் விளக்கை அணைத்தார்கள். நூற்று முப்பத்திரண்டு படம், அவள் ஒலியோடு. முழங்கை சரிந்தது, வில் நடுங்கியது, ஆறாவது விநாடியில் திரும்பியது. ஒலியும் அதே இடத்தில் முறிந்தது. ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. முடிந்த பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை.

"நீ வரைஞ்சதிலேயே இதுதான்பா உசத்தி," என்றார் இயக்குநர். "ஆனா இது பதினெட்டு வயசுப் பொண்ணு கை இல்ல. நம்ம கதையில நெட்டைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. இத வெச்சா, பாக்கறவன் 'இவளுக்கு என்ன வியாதி'ன்னு கேப்பான்."

"அவ சத்தம் அதுதானே."

"தெரியுது. என்னால முடியாதுப்பா. மன்னிச்சுக்க."

ஒலிப்பதிவுக்காரரைக் கூட்டிக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். பியானோக்காரி எழுந்திருக்கவில்லை. இருட்டிலேயே பேசினாள்.

"நாலு தடவையும் வாசிக்க வெச்சது நான்தான், தெரியுமா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு மைக்குல கத்தினேன். 'தூங்கறியா நெட்ட? பதினாலு வயசுல இத விட நல்லா வாசிச்ச'ன்னு. அவ சிரிச்சா. அந்தப் பதிவ எப்பப் போட்டாலும் எனக்கு அவ வயலின் கேக்கல, என் குரல்தான் கேக்குது. படம் ஓடுற வரைக்கும் கேக்கணுமா?"

"அதுக்காக அவள அழிச்சுடுவீங்களா?"

"ஆமா." அவள் எழுந்தாள். "என்னை வாசல்ல நிக்க வெச்சீங்க. இருபது நாள் லேட்டுன்னு. நானும் தப்பு என் பேர்லதான்னு நின்னேன். நான் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். ஒரு பொழுது கேட்டேன், களைப்புன்னு நெனச்சேன். நீ தெனம் பாத்திருக்க. ஒரு விநாடிய பன்னிரண்டாப் பிரிச்சு வெச்சுப் பாத்திருக்க."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவன் கவனித்தான். சரியான இடத்தில்தான் ஆகியிருந்தது.

"நீ பென்சிலால அழிச்ச," என்றாள். "நான் வேற ஆள வெச்சு அழிக்கறேன். டைட்டில்ல அவ பேரு முதல்ல வரும். ரெண்டு பேரும் அதப் பாத்து ஆறுதல் பட்டுக்கலாம்."

அவளும் போனாள். அவன் விளக்கைப் போட்டு, தன் காகிதக் கட்டை உறையில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயக்குநர் அவன் மேசைக்கே வந்தார். இதற்கு முன் வந்ததில்லை. "வேற வேலை ஒண்ணு இருக்கு. இஷ்டமிருந்தாப் பாரு. கடைசி சீன் முடிஞ்சதும் சபை கைதட்டணும். முன்வரிசை மட்டும். இருபத்திரண்டு பேர்."

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு விநாடி."

பார்த்து வரைய வீடியோ வேண்டும். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கம்பெனி ஆட்களையே உட்கார வைத்தான். முகம் வரைகிறவர், முடி வரைகிறவள், மழைக்காரர், வாசல் காவலாளி, எல்லோரும் வந்தார்கள். "சும்மா தட்டச் சொன்னா எப்படிங்க தட்டறது? பாட்டப் போடுங்க, உணர்ச்சி வரும்," என்றார் மழைக்காரர். ஒலிப்பதிவுக்காரர் ஓடிப் போய் ஸ்பீக்கரை எடுத்து வந்து புதிய பதிவைப் போட்டார்.

நல்ல வாசிப்பு. பதினோரு விநாடி ஒரே வில்லில் போய் நின்றதும் எல்லோருக்கும் உண்மையிலேயே உணர்ச்சி வந்துவிட்டது. தட்டினார்கள். அதே சமயம் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட வந்திருந்த ஒரு பெண், தோளில் வயலின் பெட்டியோடு, கூடத்தின் கதவைத் திறந்தாள். தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, பெட்டியை இறக்கி வைத்து, இடுப்பை வளைத்து வணங்கினாள். இருபது வயதுகூட இருக்காது. முன்வரிசை இன்னும் பலமாகத் தட்டியது.

"நிறுத்து, நிறுத்து," என்று இயக்குநர் கையை ஆட்டினார். "எண்ணிக்கை ஒண்ணு கொறையுது. இருபத்தோரு பேர்தான் இருக்கீங்க. கை, கேமராவ அந்த ஸ்டாண்டுல வெச்சுட்டு நீயும் வந்து உக்காரு."

அவன் கேமராவை நிறுத்தினான். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள், நாலு நிமிடமும் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் கதவோரம் நின்று, எப்படி இருக்கிறது என்பதுபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனையும் பார்த்தாள்.

சுரம் முடிந்ததும் தட்டினான். பதினெட்டு விநாடி, நடுவில் நிறுத்தாமல்.